தூசிக்கு ஓர் எண்

பர்கூரில் கரண்ட் போனால் எனக்குப் பதற்றமில்லை.
என் அண்டம் ஓடுவது புனேயில், குளிரூட்டிய அறையில்.
இங்கே இந்த மடிக்கணினி வெறும் சன்னல்.
கீழே அப்பாவின் பட்டறையில்
ரம்பம் நிற்கும், மறுபடி அலறும்.

என் ஓட்டத்தில் மிகச் சிறிய துண்டே
இருபதாயிரம் சூரியன்களின் எடை.
அதற்குள் தூசியை எங்கே வைப்பது?
ஓர் எண்ணாக வைத்தேன்.
சாகும் விண்மீன் எண்ணைக் கூட்டும்,
வெடிக்கும் விண்மீன் அதையே தேய்க்கும்,
குளிர்ந்த மேகத்தில் அணு வந்து மோதினால்
பத்துக்கு மூன்று ஒட்டும்.
ஏன் மூன்று?
நான்கு வைத்தால் விண்மீன் திரளே புழுதிக்காடு.
இரண்டு வைத்தால் ஒளி மொத்தமும் தப்பிவிடுகிறது.
கட்டுரையில் இதை இன்னும் மரியாதையாக எழுதியிருக்கிறேன்.

போன மாதம் வாரியத்து ஜீப் வந்தது.
ரம்பத்துக்கு நாற்பதடி தள்ளி
புங்கமரத்தடியில் ஒரு பெட்டியை வைத்தார்கள்.
அன்று மட்டும் தண்ணீர் டேங்கர் விடியலிலேயே வந்து நின்றது.
பெட்டி ஓர் எண் சொன்னது,
இருபத்துநான்கு மணி நேரச் சராசரி.
எண் நன்றாக இருந்தது.
அப்பா அதற்குச் சட்டம் போட்டு ஆபீசில் மாட்டினார்.

சென்றாயன் நிற்பது ரம்பத்துக்கு ஒன்றரை அடியில்.
ஜெகதேவிப் பள்ளியில் எட்டாவது வரை என் வகுப்பு.
தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் எடுத்த படத்தை
நேற்று மஞ்சப்பையிலிருந்து உருவினான்.
"படம் பாக்கறதுதான் உன் வேலையாமே வேணி,
இத சொல்லு பாப்போம்."

கறுப்பு. மேல் பாதியில்
வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள்.
உங்களுக்கு என்ன உவமை தோன்றுகிறதென்று தெரியும்.
அதை நான் எழுதப்போவதில்லை.

"டாக்டர் என்ன சொன்னார்?"
"வேற வேலை பாக்கச் சொன்னார்" என்று சிரித்தான்.
சிரிப்பு பாதியில் இருமலானது.

இவனுக்குப் பத்தில் எத்தனை ஒட்டியது?
அந்த எண்ணை யாரும் வைக்கவில்லை என்று நினைத்தேன்.
பிறகு நோட்டில் பார்த்தேன்:
டேங்கர் நடைக்குத் தொள்ளாயிரம்.
சித்திரையில் ஆயிரத்து நானூறு.
சித்திரை, வைகாசிப் பக்கங்களில்
டேங்கர் என்ற சொல்லே இல்லை.

சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டேன்.
"அதான் அளந்துட்டுப் போனாங்களே" என்றார்,
ரசத்தைப் பிசைந்துகொண்டு.

பதினொன்றரைக்கு ஓட்டம் முடிந்தது.
தொலைநோக்கிகள் கண்ட புள்ளிகள் எல்லாவற்றையும்
தொட்டுக்கொண்டே போகிறது என் கோடு.
எண் நன்றாக இருக்கிறது.

நிரலைத் திறந்தேன்.
தூசி என்றிருந்த ஒற்றை வரியை அழித்தேன்.
பெரியது, சிறியது, அதனினும் சிறியது,
உடைவது, உடைந்ததோடு ஒட்டுவது என
முப்பது வரிகளாக அடிக்கத் தொடங்கினேன்.
எட்டு மடங்கு நேரம் பிடிக்கும்.
எதற்கு, சரியாகத்தானே வருகிறது என்று கேட்பார்கள்.

பன்னிரண்டாவது வரியில் கரண்ட் போய் வந்தது.
கீழே ரம்பம் கல்லில் இறங்கும் சத்தம்.
அதோடு சேர்ந்து விழவேண்டிய
தண்ணீரின் சத்தத்துக்காக
விரலை எடுத்துவிட்டுக் காதைக் கொடுத்தேன்.