சுமைச் சீட்டு

வாளையாருக்கு இந்தப் பக்கம், சாவடியில்
எடைமேடையை ஒட்டிய தகர அறையில்
எனக்கு இரவு முறை.
லாரி ஏறும். சிவப்பு எண்கள் நடுங்கி நிற்கும்.
சீட்டு எழுதிக் கொடுப்பேன்.
ஆவணியில் தொடங்கிய இருமல்
சித்திரை பிறந்தும் போகவில்லை.

சளி இல்லை, காய்ச்சல் இல்லை.
தொண்டைக்குள் யாரோ கோழியிறகை விட்டுத்
திருப்புகிற மாதிரி ஒரு குறுகுறுப்பு,
பிறகு கண்ணில் நீர் வரும்வரை.
"அக்கா இருமினா மேடையில
பத்துக் கிலோ கூடுது" என்றான்
பழனியாபுரத்து டிரைவர்.
அவன் கேலிக்கும் இருமித்தான் சிரித்தேன்.

கணவாய்க் காற்று என்றார்கள்.
சிமெண்ட் தூசி என்றார் முதலாளி.
சொன்னதோடு நில்லாமல்
முகக்கவசம் ஒரு டப்பா வாங்கிக் கொடுத்து
சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.
ஆடாதொடை காய்ச்சிக் குடித்தேன்.
மிளகு மென்றேன், மென்றேன்,
ரசத்தைக் கண்டாலே நாக்கு சுருங்கும்வரை.
இவர் பாயைச் சுருட்டிக்கொண்டு
மொட்டைமாடிக்குக் குடிபோனார்.

கோவையில் நெஞ்சைப் படமெடுத்தார்கள்.
கறுப்புத் தாளில் என் விலா எலும்புகள்
கூட்டிப் பெருக்கிய வாசல்போல் சுத்தமாக இருந்தன.
சளியே இல்லாதவளிடம்
இரண்டு டப்பா சளி கேட்டார்கள்.
எச்சிலைத் துப்பிக் கொடுத்தேன், வேறென்ன செய்ய.

மகள் பேரனோடு வந்திருந்தாள்.
"ரிசல்ட் வரட்டும்மா" என்றாள்.
வந்தது. ஒன்றுமில்லை என்று வந்தது.
அதற்குப் பிறகும் பிள்ளையை
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றே தூக்கிக் காட்டினாள்.
காசநோய்க்கு ஆறு மாதத்து மருந்து உண்டாம்.
ஒன்றுமில்லை என்பதற்கு
என்ன மருந்து கேட்பது?

கடைசியில் பாலக்காட்டுக்குப் பஸ் ஏறினேன்.
இரவு முறை முடித்த கண்ணோடு.
"மரகதவல்லீ" என்று
என் பேரின் வாலை நீட்டிக் கூப்பிட்டாள் நர்ஸ்.
டாக்டர் ரெஜீனா நிமிராமல் கேட்டார்:
"எத்ர நாளாயி சும?"
எந்தச் சுமையைக் கேட்கிறார்?
மேடையில் ஏறுவதா,
வீட்டில் இறங்க மாட்டேன் என்பதா?
நான் விழிப்பதைப் பார்த்து
அவரே நெஞ்சைத் தொட்டு ஒருமுறை இருமிக் காட்டினார்.
அவர்கள் ஊரில் இருமலுக்கு அதுதான் பேர்.
சரியான பேர்தான்.

"எட்டு மாசம்" என்றேன்.
"வேற என்ன குளிகை கழிக்குந்நு?"
யாரும் கேட்காத கேள்வி.
சில்லறைப் பைக்குள் மடங்கிக் கிடந்த அட்டையை எடுத்தேன்.
போன ஆடியில், மில் வாசலில் நடந்த முகாமில்
ரத்தக்கொதிப்புக்கு எழுதிக் கொடுத்தது.
பேரின் கடைசியில் இருந்த "ப்ரில்"லின் கீழே
நகத்தால் கோடு போட்டார்.
"சிலருக்கு இது இருமும்."

ஆடியில் மாத்திரை. ஆவணியில் இருமல்.
ராத்திரி முழுக்கக் கணக்கெழுதுகிறவள்
இந்த இரண்டையும் ஒரே வரியில் எழுதிப் பார்க்கவில்லை.
இருமி இருமிப் பயந்து
எதை மறந்தாலும் அதை மட்டும்
நேரம் தவறாமல் விழுங்கியிருக்கிறேன்.
தூக்கியெறியப் போன கையைப் பிடித்தார்.
"நிறுத்தக் கூடாது. மாத்தணும்."
அதை மட்டும் தமிழில் சொன்னார்.

புது மாத்திரை நீளமாக, மஞ்சளாக இருந்தது.
மறுநாளே நிற்கவில்லை.
பத்தாம் நாள் ஏமாந்தேன் என்று நினைத்தேன்.
பத்தொன்பதாம் நாளோ இருபதாம் நாளோ,
விடியற்காலை மூன்று மணி.
செங்கல் லோடு இறங்கிப் போனபின்
மேடையில் பூஜ்யம்.
அறையில் ஏதோ குறைகிறது.
மின்விசிறி ஓடுகிறது, குழல்விளக்கு ரீங்கரிக்கிறது.
வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்தது
குறைந்தது நான் என்று.

இவர் இன்னும் மொட்டைமாடியில்தான்.
காற்று நன்றாக இருக்கிறதாம்.

நேற்று கஞ்சிக்கோட்டுக்குப் போகும் இரும்பு லோடு.
சீட்டுக்கு நீட்டிய கை குலுங்கியது, அப்படி ஓர் இருமல்.
"அண்ணே, பிரஷர் மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறீங்களா?"
என் குரலில் ஒரு டாக்டர்.
அவர் காதிலிருந்து பீடியை எடுத்தார்.
"இதத்தான் சாப்பிடறேன்."
இருபத்து நாலாயிரத்து அறுநூறு என்று எழுதி
கிழித்துக் கொடுத்தேன்.