அரியமான், மூன்றாம் சனிக்கிழமை

முதலில் இருந்தது பிரஷ் மோட்டார்.
கரித்துண்டு தேயத் தேய ஓடுகிற ஜாதி.
தார்ரோட்டில் பதவிசாகப் போகும்,
மணலைக் கண்டால் முனகும்.

மாற்றிவிடலாம் என்று தோன்றிய இரவில்
உச்சிப்புளி கடையடைத்துக் கிடந்தது.
கேஸ் ரசீதின் முதுகில்
வோல்ட்டைக் கேவியால் பெருக்கினேன்.
பதினொன்று புள்ளி ஒன்று,
பெருக்கல் மூவாயிரத்து முந்நூறு.
நிமிஷத்துக்கு முப்பத்தாறாயிரம் சுற்று,
சில்லறை தனி.
முழங்கை நீள லாரி
காகிதத்தின் மேல்
தண்டவாளம் கேட்காமல்
பாம்பன் தாண்டிப் போனது.

சேகு இபுறாம்சா படகு எஞ்சின் பார்ப்பவன்.
புது மோட்டாரின் தண்டை விரலால் சுண்டினான்.
"இது சும்மா சுத்துற கணக்கு, மச்சான்.
சுமையோட எவ்வளவு?"
அந்த வரி ரசீதில் இல்லை.

இரண்டாம் சனி.
ஈரமணலில் அம்பு.
உலர்மணலில் ஏறியதும்
நான்கு டயரும் தமக்குத் தாமே குழி தோண்டின.
எச்சில் தொட்டு மோட்டாரில் வைத்தேன்,
சுர்ரென்றது.
கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து எழுந்த கருகல்
காய்ந்துகொண்டிருந்த நெத்திலியையும் மீறி
மூக்குக்கு வந்தது.
சேகு ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

பிறகு தலைகீழாக யோசித்தேன்.
கேவி குறையட்டும், இரண்டாயிரத்து இருநூறு போதும்.
செல் கூடட்டும், மூன்றுக்கு நான்கு.
பெருக்கினால் முன்னதைவிடக் கம்மிதான்.
ஆனால் இது தொண்டையால் கத்துகிற வேகமில்லை,
தோளால் தள்ளுகிற வேகம்.
வோல்ட் ஏறினால் ஆம்பியர் இறங்கும்,
ஆம்பியர் இறங்கினால் சூடு இறங்கும்.
பினியனில் பதினான்கு பல் பன்னிரண்டானது.
பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே
ஒரு தாள் கனம் இடைவெளி வேண்டும் என்பார்கள்.
அந்த ரசீதையே கிழித்துச் செருகினேன்.
முப்பத்தாறாயிரத்தின் மேல்
பல்தடம் விழுந்தது.

மோட்டாரும் பேட்டரியும் ஏழாயிரத்து எண்ணூறு.
சபிக்காவிடம் சொன்னது
மூவாயிரத்து எண்ணூறு.
அதற்கே அவள்
ஃபேன் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு
கொஞ்ச நேரம் படுத்திருந்தாள்.

மூன்றாம் சனி, நீர் வற்றிய நேரம்.
கச்சான் இன்னும் எழும்பவில்லை.
வேகம் அளக்கக் கருவி ஏது?
என் போனையே லாரியின் முதுகில் வைத்து
டேப்பைச் சுற்றினேன், நான்கு சுற்று.
விசையை அழுத்தினேன்.

முன்சக்கரம் இரண்டும் வானத்தைத் தொட்டுவிட்டு
மனசு மாறி இறங்கின.
அதற்கப்புறம் லாரி இல்லை.
மணலில் ஒரு கோடு நீண்டது, அவ்வளவுதான்.
ஆலாக்கள் கூட்டமாக எழுந்து
அது போன பிறகு உட்கார்ந்தன.

இருநூறு அடி தாண்டியிருக்கும்.
போன் அடித்தது.

தூரம் போகப் போக மெலிந்து
கடலோரமாய் ஓடுகிறது என் ரிங்டோன்.
சனிக்கிழமை காலை இந்நேரத்தில்
அழைப்பது ஒரே ஆள்.
நிறுத்தலாம்.
நிறுத்தினால் ஓட்டம் பாதியில் போகும்.
கட்டைவிரல் விசையை விடவில்லை.
அதை என்னவென்று சொல்வது, தெரியவில்லை.

வளைத்துத் திருப்பினேன்.
வரும்போது
சத்தம் முன்னால் வந்தது, லாரி பின்னால்.
காலடியில் சறுக்கி நின்றதும்
அடங்கிவிட்டு, மறுபடி அடித்தது.
டேப்பைப் பல்லால் கிழித்தேன்.

"என்ன இப்படி மூச்சு வாங்குது?"
"ஓடினேன்."
"நீங்களா?"
"..."
"யாரு தொரத்துனா?"

கரண்ட் பில் கட்டக் கடைசி நாளாம், இன்று.
சரி என்றேன்.

வேகம் காட்டும் திரையில்
சுழியம் மட்டும் இருந்தது.
அழைப்பு வந்த நொடியில்
ஆப் தன் கணக்கை மூடிக்கொண்டது.
அறுபது இருக்கும் என்கிறேன் நான்.
ஆலாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்கிறான் சேகு.

மோட்டாரில் கை வைத்தேன்.
டீ கிளாஸ் சூடு, பிடிக்க முடிகிற சூடு.
பேட்டரியைக் கழற்றித் தடவினேன்,
உப்பல் எங்கும் இல்லை.
அதை மணல் நிரப்பிய டப்பாவில் வைத்தேன்.
பேரிங்குக்குள் போன உப்பைக்
கழுவியாக வேண்டும்,
பில் கட்டிவிட்டு,
அந்த நாலாயிரத்தைச் சொல்வதா என்று
யோசித்துக்கொண்டே.