எர்த்

செக்கானூரணி வளைவில் என் கடை.
பாகம் பிரித்தும் பிரியாத டிரெய்லரை
ஒச்சப்பன் இழுத்து வந்தான்.
வைக்கோலுக்குள் எலி தின்ற வயர்.
பிரேக் ஹோஸும் ஒழுகல்.
மாற்ற மூன்று நாள்.

பிரேக்கை மிதித்தால்
இடது இண்டிகேட்டர் எரிந்தது.
எர்த் கிடைக்காத கரண்ட்
அடுத்தவன் வீட்டு வழியாகத்தான் போகும்.
துருவைச் சுரண்டி போல்ட்டை இறுக்கினேன்.

மிதிக்க ஒரு ஆள் வேண்டும்,
பின்னால் நின்று சொல்ல இன்னொரு ஆள்.
நான் அடியில் கிடக்கிறேன்.
டீக்கடையிலிருந்து தம்பி வீரணன்
யாரையும் பார்க்காமல் வந்து நின்றான்.

"இப்ப?"
"எரியல."
"இப்ப?"
"மினுக்குது."
"இப்ப?"
"ம். ரெண்டும்."

ஒன்பது மாதத்தில் முதல் பேச்சு என்று
டீக்கடைக்காரர்தான் பிறகு சொன்னார்.
கூலியைத் தனித்தனியாக
எண்ணி வைத்துப் போனார்கள்.
ஐந்து ரூபாய் குறைந்தது.
விட்டுவிட்டேன்.