கழித்தால் வருவது

சுங்கை சிப்புட் பண்டல் கடையில்
பன்னிரண்டு ரிங்கிட்டுக்கு ஒரு மழைக்கோட்டு.
உள்பையில், நாலாய் எட்டாய் மடித்து,
யாரோ மறந்துபோன மலைகள்.

வட ஸ்பெயின் என்றான்
கைப்பேசியைத் தட்டிப் பார்த்த ஜெயசீலன்.
கடலிலிருந்து ஒருநாள் நடையில்
இரண்டாயிரத்து அறுநூறு மீட்டர் நிமிர்ந்து நிற்குமாம்.

எனக்குத் தெரிந்தது எடை மட்டும்.
குவாரி வாசலில்
காலி லோரி ஏறும், நிரம்பிய லோரி ஏறும்,
கழித்தால் வருவது மலை.
நேற்று மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு டன்
என் கையெழுத்தில் வெளியே போனது.

இடைவேளையில் விரிக்கிறேன்.
பழுப்புக் கோடுகள்,
மசியில் அமுக்கிய கட்டைவிரல்போல.
நெருங்கிய இடம் செங்குத்து,
விலகிய இடத்தில் மாடு மேயலாம்.
கடல்மேகம் வடக்குச் சரிவிலேயே
பாரம் இறக்கிவிடுகிறது.
தெற்குக்குப் போவது காலி லோரிதான்.

சிகரங்களின் நடுவே
ஓடை வெளியேற வழியில்லாத குழிகள்.
விழுந்த மழை பாறைக்குள் இறங்கி
இருட்டிலேயே நடந்து
எங்கோ கீழே ஊற்றாய் வருமாம்.

அதுவும் சுண்ணாம்புக்கல்.
கடலடியில் கிடந்தது, சிப்பியும் சங்குமாய்.
இதுவும்தான்.
நத்தை ஆறு என்று இந்த ஊருக்குப் பெயர் வைத்தவன்
எதைப் பார்த்து வைத்தானோ.

அங்கே செதுக்கியது பனி,
ஒரு விரல் ஆழத்துக்கு எத்தனை வருடமோ.
இங்கே நாலரைக்குச் சங்கு ஊதும்.
செம்பனைப் பக்கம் காக்கை எழும்பும்.
என் தேநீரில் வட்டம் வட்டமாய்
உயரக்கோடுகள்.

ஒரு சிகரத்தின் பெயர் நாரஞ்சோ.
ஆரஞ்சு மரம் என்று அர்த்தமாம்,
மாலை வெயிலில் பாறை அப்படிச் சிவக்குமாம்.
நாரத்தை, என்று சொல்லிப் பார்த்தேன்.
நாரஞ்சோ. நாரத்தை.
எந்தக் கப்பலில் ஏறி, எத்தனை வாய் மாறி
ஊறுகாய் ஜாடிச் சொல் ஒன்று
அவ்வளவு உயரம் போனது?

அதன் அடிவாரம்வரை ஒரு பென்சில் கோடு.
பிறகு இல்லை. பக்கத்தில் மணி: 2.10.
மூடுபனி இறங்கியிருக்கும்,
அல்லது முட்டி வலி.
திரும்பியிருப்பாள்.
(கோட்டு எனக்குச் சரியாக இருக்கிறது,
அதனால் அவள்.)

வெளியே ஹாரன்.
லிங்கேஸ்வரனின் பத்துச் சக்கரம்
நீர் சொட்டச் சொட்ட மேடையில் நிற்கிறது.
முப்பத்தொன்று புள்ளி நாலு.
"மழையையும் சேர்த்தா எழுதுறீங்க, அக்கா?"

எப்போதும் சேர்த்துத்தான்.