பெருவிரல் அளவு

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று
குறிச்சி சிட்கோவின் தகரங்களைத் தூக்கிப் பார்க்கும்
ஆடி மாதம்.
திருப்பூர்ச் சாயப்பட்டறையிலிருந்து
அந்த ஷாஃப்ட் திரும்பி வந்தது,
மினிடோரில், பழைய பனியன் துணி சுற்றி.

பதினோரு நாள்தான் ஓடியிருக்கிறது.

"ஏனுங், மூணு வருசம் தாங்கும்னீங்க?"
சென்னியப்பன் சத்தம் போடவில்லை.
போட்டிருந்தால் தேவலாம்.
துணியை அவிழ்த்தார்.
பேரிங் உட்காரும் இடம் முழுக்க நன்றாய்த்தான் இருந்தது.
ஒரே ஓரிடத்தில் பூச்சு பெயர்ந்து
முட்டை வடிவில் ஒரு பள்ளம்,
பெருவிரல் அளவு.
பெயர்ந்த சில்லையும்
காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

இப்படி ஒரு தொழில் இருப்பது வெளியே தெரியாது.
பெண் பார்க்கப் போன வீட்டில்
"பெயிண்டருங்களா?" என்றார்கள்.
ஒரு வகையில் ஆமாம்.
இரண்டு கம்பிகள் துப்பாக்கி முனையில் சந்திக்கும்.
சந்தித்த இடத்தில் உருகும் எஃகைக்
காற்று அள்ளி வீசும்.
ஒவ்வொரு துளியும்
சுவரில் அறைந்த வரட்டிபோலத் தட்டையாகிப்
பக்கத்துத் துளியின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும்.
ஷாஃப்ட் உருகுவதில்லை, எதுவும் எதனோடும் கலப்பதில்லை.
பிடிப்புதான். வெறும் பிடிப்பு.

அதற்காக முதலில்
கூரான துகள்களை அடித்து இரும்பைக் காயப்படுத்த வேண்டும்.
வழுவழுப்பில் எதுவும் நிற்காது.
காயம்பட்டு நரைத்து நிற்கும் அந்தக் கொஞ்ச நேரம்
யாரும் அதைத் தொடக்கூடாது.
வியர்வை, தேங்காயெண்ணெய், பேக்கரி போண்டா,
கையில் இருப்பது அங்கே தங்கிவிடும்.
ஆடிக் காற்றில் ஈரம் வேறு;
தாமதித்தால் தொடாமலே பழுக்கும்.

முதலாளி அர்த்தநாரி எல்லோர் கையையும் பார்த்தார்.
ரோகிதாஸின் கையுறையில்
பெருவிரல் கிழிந்திருந்தது.
அது போதுமாக இருந்தது.
ஒரு நாள் சம்பளம் பிடித்தம்.
"இல்லை" என்று சொல்லும் அளவு தமிழ் அவனுக்கு வரும்.
"துகள் அடித்து முடித்ததும்
ஊருக்குப் பணம் போடப் போய்விட்டேன்,
நான் திரும்பும்போது நீங்கள் பூச்சே அடித்துவிட்டீர்கள்"
என்று சொல்லும் அளவு வராது.
எனக்கு வரும்.
நான் சொல்லவில்லை.

அன்று மூன்றே முக்காலுக்குக் கரண்ட் போயிருந்தது.
சக்கில் மாட்டிய ஷாஃப்ட், தயாராக.
வருமா வராதா என்று
அதன்மேல் சாய்ந்து நின்றேன்,
பழகின மாட்டின் முதுகில் கை போட்டதுபோல்.
வந்ததும் முகக்கவசத்தை இறக்கி
அடித்தேன்.

தேன்மணி கிரைண்டிங்கில் இருக்கிறாள்.
மைக்ரோமீட்டர் அவளிடம்தான் அளவு கேட்டுக்கொள்ளும்
என்று கேலி செய்வோம்.
சில்லைத் திருப்பி
அடிப்பக்கத்தை ட்யூப்லைட்டில் காட்டினாள்.
கறை.
கறையின் குறுக்கே மெல்லிய ஒரு கோடு.
இருந்ததா, நானாகப் பார்த்தேனா தெரியாது.
லேத் சுருள் கிழித்த என் தழும்பு
அதே சாய்வில் போகிறது.
சில்லை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு
மெஷினுக்குப் போய்விட்டாள்.
ஒரு கிராம்கூட இராது.

டீ நேரத்தில் முதலாளியிடம் சொன்னேன்.
கணக்கு நோட்டைத் திறந்தார், பேனா தேடினார்,
ஒரு பெயரை அடித்து மேலே இன்னொன்று எழுதினார்.
"செரி, ஷாஃப்ட்டை மாட்டு. ஏழு மணிக்கு வண்டி வருது."
ரோகிதாஸ் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை,
தமிழிலும், ஒடியாவிலும்.

பழைய பூச்சைக் கடைந்து எடுத்தேன்.
பெயர்ந்த இடத்தில் வேலையே இல்லை.
நன்றாய்ப் பிடித்திருந்த இடங்கள்தான்
இரண்டு டூலை மழுக்கின.
துகள் அடித்தது ரோகிதாஸ்,
புதுக் கையுறையில்.

ஷாஃப்ட் நரைத்து நின்றது.
அப்போது பார்த்து விளக்கு அணைந்தது.
காற்றாடும் தகரத்துக்குக் கீழே
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு
அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்
நின்றோம்,
கரண்ட் வர.