சாட்சி சொல்ல ஒன்றுமில்லை

இடுப்பளவு உயரத்தில்
எங்கள் வீட்டுச் சுவரைச் சுற்றி ஓடுகிறது
கரிய கோடு ஒன்று.
மழைவெள்ளத்தோடு முகத்துவாரத்து எண்ணெயும்
கதவைத் தட்டாமல் வந்துபோன ராத்திரியின் கையெழுத்து.
மாசிலாமணி இரண்டு தரம் சுண்ணாம்பு அடித்தார்.
இரண்டு தரமும் அது
மெல்ல வெளியே வந்து எட்டிப் பார்த்தது.

அதற்குப் பிறகு ஆற்றில் இறால் இல்லை.
கிடைத்த கொஞ்சத்தையும் வாங்க ஆளில்லை.
"எர்ணாவூர் சரக்கா? மண்ணெண்ண நாறும்" என்று
காசிமேட்டில் கூடையைக் காலால் தள்ளினான் ஒருவன்.
வலையைக் கூரையில் செருகிவிட்டு
அவர் கண்டெய்னர் யார்டுக்கு இரவுக் காவலுக்குப் போனார்.
செவ்வாய்தோறும் குழுக்கடன்காரன் பைக்கில் வருவான்.
ஹாரன் அடிப்பான், இறங்கமாட்டான்.
நான் மின்விசிறியை நிறுத்திவிட்டு
வீட்டில் இல்லாதவளைப்போல மூச்சு விடுவேன்.

டயர் ரீட்ரெடிங் கடைக்கு மேலே
தகரக் கூரை போட்டது எங்கள் ஜெபவீடு.
மணலிக் காற்று திரும்பும் நாளில்
அல்லேலூயாவுக்கு நடுவே எல்லோரும் இருமுவோம்.
ஞாயிறு பதினொன்றரைக்குச் சாட்சி நேரம்.
ஒருத்தியின் மகனுக்கு விசா கிடைத்தது.
ஒருவருக்குச் சிறுநீரகக் கல் கரைந்தது,
ஸ்கேனையே கொண்டுவந்து காட்டினார்.
தவணையில் வாங்கிய ஆட்டோவின் சாவியை
உயர்த்திப் பிடித்து ஸ்தோத்திரம் சொன்னார் இன்னொருவர்.
நான் பாயின் கோரையை
ஒவ்வொன்றாய்ப் பிய்த்துக்கொண்டிருந்தேன்
ஏழு மாதமாக.

எட்டாவது மாதம் ஏன் எழுந்தேன் என்று தெரியாது.
மைக் என் கையில் கீச்சிட்டது.
"எனக்குச் சாட்சி இல்ல பாஸ்டர்.
இறால் வரல. கடன் அடையல.
செவுத்துக் கற போவல.
ராத்திரி ஜெபம் பண்ணா
தகரம் வரிக்கும்தான் போவுது, திரும்பி வந்துடுது.
ஆனாலும் காலில எழுந்துக்கிறேன்.
யாரு எழுப்புறாங்கன்னு தெரியல.
அத்த மட்டும் சொல்லலாம்னு…"

பாஸ்டர் தேவசித்தம் ஆமென் சொல்ல மறந்துவிட்டார்.
கீழே கடையில் ஏதோ டயரில் காற்று இறங்கியது.
பின்வரிசையில் குணவதி
முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.
படியிறங்கும்போது என் சுண்டுவிரலைப் பிடித்தாள்:
"இன்னாக்கா, எனக்கும் செவ்வாக்கெழமதான்."

அந்தச் செவ்வாய்
இருவரும் என் வாசலில் நின்றோம்,
உள்ளே மின்விசிறி ஓட.
ஹாரன் அடித்தவன் முதல்முறையாக இறங்கினான்.
தவணையில் ஒரு ரூபாய் குறையவில்லை.
ஆனால் பேசும்போது அவன்
எங்கள் முகத்தைப் பார்க்கவேண்டியிருந்தது.

இப்போது ஜெபவீட்டுச் சாவி என் முந்தானையில்.
விடியற்காலை மூன்றரைக்குத் திறக்கிறேன்.
ஏலத்துக்குப் போகிற பெண்கள்,
எண்ணூர் ரோட்டு வரிசையில் சிக்கிய லாரிக் கிளீனர்கள்,
யாரும் வரலாம்.
முழங்கால் போடவேண்டும் என்று இல்லை.
ஸ்டவ்வில் வறக்காப்பி கொதிக்கும்.
"உனக்கேன் இந்த வேலை" என்கிறார் மாசிலாமணி,
ஷிஃப்ட் முடிந்து வந்து முதல் டம்ளரை வாங்கிக்கொண்டே.

இரவெல்லாம் வலைவீசி
வெறுங்கையோடு கரை திரும்பியவர்களுக்காக
கரி மூட்டி மீன் சுட்டுவைத்திருந்தார் ஒருவர்,
ஆணித் தழும்புள்ள கைகளால்.
பரலோகத்தைப் பற்றிப் பேசச் சொன்னால்
எனக்கு நாக்கு எழாது.
அந்த அடுப்பு புரிகிறது.
புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு
அவர் குனிந்து ஊதியிருப்பார் இல்லையா,
அது புரிகிறது.

இரண்டு மழைக்காலம் கடந்தது.
நேற்று ஜெமிமா சுவரில் முதுகை ஒட்டி நின்று
உச்சந்தலைக்குப் பென்சில் கோடு போடச் சொன்னாள்.
வெள்ளத்தன்று அவள் மூக்கைத் தொட்ட கரிய கோடு
தாடைக்குக் கீழே கிடந்தது.
அங்கேயே விரலை வைத்துக்கொண்டு
கொஞ்சநேரம் நின்றேன்.
"இன்னாம்மா, போட்டியா?" என்றாள்.
இனிச் சுண்ணாம்பு வேண்டாமென்று
அவரிடம் சொல்லவேண்டும்.

வெல்லம் தீர்ந்துவிட்டது.
அலாரம் மூன்றேகாலுக்கு.