படிவம் ஏழு

பால் சொசைட்டி வாசலில்
கோலமாவு போதாமல்
பஞ்சாயத்து ப்ளீச்சிங் பவுடரால் வரைந்தோம்
கீழ்நெல்லிமேட்டு ஏரியை.
மூக்கைப் பொத்திக்கொண்டு
கரை, மதகு, கலங்கல்,
ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் வரத்துக்கால்.
கால்வாயின் நடுவே
ஒரு கோழி வந்து நின்றது.
"நெசத்துலயும் அங்கதான் அடைப்பு" என்றான் சம்பங்கி.

நான் கணக்கு எழுத வந்தவள்.
ஒன்றிய அலுவலகம் தந்த தாளில்
ஐந்து கட்டங்கள்:
வரிசை எண், பணி, அளவு, வீதம், தொகை.
தலைப்பில் தடித்த எழுத்து:
பருவநிலை மாற்றத் தகவமைப்பு, உத்தேச மதிப்பீடு.
உரக்கப் படித்தேன்.
கறவை முடித்து வந்த நாற்பத்து மூன்று பேரும்
வராத பஸ்ஸைப் பற்றிய அறிவிப்புபோலக் கேட்டார்கள்.

"போர் எத்தனை அடி?" என்றேன் பிறகு.
எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.
எழுநூறு.
தொள்ளாயிரத்து இருபது.
ஆயிரத்து நூறில் வெறும் புழுதி.
நகை எந்த பேங்கில், வட்டி எவ்வளவு,
கத்தரிப் பூ எந்தக் கிழமை கொட்ட ஆரம்பித்தது,
எல்லாம் நுனிநாக்கில்.

கடும் வெயில் மூன்று மாதம் என்று அச்சிட்டிருந்தது.
அடித்துவிட்டு ஐந்து எழுதச் சொன்னாள் தேசம்மா.
"மல்லாட்டக் கொல்லையில களையெடுக்க
விடிகாத்தால நாலு மணிக்கே போறோம்.
டார்ச்சுக்கு பேட்டரி வாங்குறோம்.
அது எந்தக் கட்டம்?"
வரிசை எண் ஐந்து: பேட்டரி. வீதம் பதினெட்டு.

வரத்துக்காலுக்கு இஞ்சினியர் கணக்கு முப்பத்தோரு லட்சம்,
அடியிலும் பக்கத்திலும் காங்கிரீட்டோடு.
ஊர்க் கணக்கு ஒன்பது.
"சிமெண்ட் போட்டா நண்டு எங்க போவும்?" என்றார் முனிரத்தினம்.
நண்டுக்காக அல்ல.
சிமெண்ட் போட்டால் அவர் கிணற்றுக்கு ஊற்று நின்றுவிடும்.
அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

கலங்கலை ஒன்றரை அடி உயர்த்துதல்:
ஆறு லட்சத்து நாற்பதாயிரம்.
கைகள் உயர்ந்தன.
நான் எழுதத் தொடங்கியிருந்தேன்.

ஞானசௌந்தரி எழுந்தாள்.
செருப்பைக் கழற்றிவிட்டு
வரைபடத்துக்குள் நடந்து
ஏரியின் தென்மூலையில் நின்றாள்.
"ஒன்றரை அடி ஏத்தினா தண்ணி இங்க வரும்.
இது காலனி சுடுகாட்டுக்குப் போற வழி.
கார்த்தியில செத்தவங்கள
பொங்கல் வரைக்கும் எங்க வெக்கறது?
அதுக்கு இன்னா வீதம்?"

குவளையில் பால்மானி மட்டும்
ஆடிக்கொண்டிருந்தது.

இஞ்சினியர் கைபேசியைத் தட்டினார்.
முக்கால் அடி என்றால்
பதினான்கு ஏக்கருக்குப் பாய்ச்சல் குறையும்.
யாருடைய பதினான்கு என்று அவர் சொல்லவில்லை.
கடைமடைக்காரர்கள்
ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

கத்தல்.
கரண்ட் போனது.
இருட்டிலும் கத்தல்.

ஒன்பதரைக்கு ஒரு வழி பிறந்தது, அரைகுறையாக.
முதலில் சுடுகாட்டுப் பாதையை மேடாக்குவது,
இருநூற்று நாற்பது நடை கிராவல்.
அது முடிந்தபின் கலங்கலில் கைவைப்பது.
அரசு வீதம் நடைக்கு ஆயிரத்து நூற்றைம்பது என்றேன்.
"அந்த வெலைக்குக் கெடைச்சா
எங்க வூட்டுக்கும் ரெண்டு நடை சொல்லு" என்றது ஒரு குரல்.
ஆயிரத்து எண்ணூறு என்று எழுதினேன்.
'முடிந்தபின்' என்பதற்குக் கட்டம் இல்லை.
ஞானசௌந்தரி தாளை வாங்கினாள்.
பேனாவை அழுத்தி, ஓரத்தில்,
அந்த ஒரு சொல்லை அவளே எழுதினாள்.
அடுத்த பக்கத்திலும் அது பதிந்திருந்தது.

கிளம்பும்போது தேசம்மா
ஸ்கூட்டரின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள்.
"நாலு கூட்டம். மூணு பகல்ல.
நாப்பத்து மூணு பேரு அரைநாள் கூலி.
அத்த எழுதினியா?"

வரிசை எண் பன்னிரண்டு.

மறுநாள் கணினி அதைச் சிவப்பில் திருப்பியது:
பணியின் பெயர் பட்டியலில் இல்லை.
பட்டியலைத் திறந்து
மேலிருந்து கீழே தேடினேன்.
தடுப்பணை. பண்ணைக்குட்டை. மரக்கன்று நடுதல்.
கூடிப் பேசுதல் இல்லை.
'இதர' என்று ஒன்று இருந்தது.
அதில் போட மனம் வரவில்லை.

தாளை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.
விரலில் இன்னும் ப்ளீச்சிங் வாடை.